பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும் கம்ப்யூட்டர்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகள் கல்லூரியில் படித்த நாளில் வாங்கியது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய பெட்டிகளில் அவை இல்லை. ஆகவே, நல்ல நிலையில் உள்ள பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனமில்லாத பிள்ளைகள், விடுமுறைக்கு வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு. பைசா செலவில்லை. பெட்டியும் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடுகிறது.

பிள்ளைகள் ஊருக்குப் போன மறுநாள் ஒரு கேள்வி எழுகிறது. "ஒவ்வொரு தடவை போடும்போதும் பாஸ்வேர்டு கேட்கிறதே, இதை எடுத்துவிட முடியாதா?"

முடியும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த யோசனையையும் வேலையையும் சேர்த்துச் சொல்லும்.

ஏன் கேட்கிறது?

லினக்ஸின் பூர்வீகம் யூனிக்ஸ். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதைத் தொடங்கினார்கள். ஒரு பெரிய இயந்திரம், அதைப் பகிர்ந்துகொள்ளும் பல பேர் என்றிருந்த காலம் அது. ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி அறை, தனிச் சாவி தேவைப்பட்டது. 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது யூனிக்ஸின் அந்த முறையையே பின்பற்றினார். இன்று நம் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பாட்டி பயன்படுத்தும் பெட்டியும், நூறு பேர் வந்து போகும் இடம் போல "யார் அது?" என்று கேட்பது இதனால்தான்.

கேட்பது தவறில்லை. ஆனால் யாரிடம் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் வசிக்கும் குடியிருப்பில் எழுபத்தெட்டு வயது மாமி ஒருவர் இருக்கிறார். மகனும் மருமகளும் காலை எட்டரைக்கு அலுவலகம் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. பகலில் பெங்களூரிலிருக்கும் மகளோடும் பேத்தியோடும் முகம் பார்த்துப் பேசுவதுதான் மாமிக்கு ஒரே ஆறுதல். கைப்பேசித் திரை கண்ணுக்குப் போதவில்லை என்று மகன் பெரிய திரையுள்ள கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆனால் பாஸ்வேர்டு பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்தது. தட்டினால் எழுத்து தெரியாது, புள்ளிதான் தெரியும். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் அதுவும் புரியாது. மூன்று முறை தவறினால் மாமி மகனுக்குப் போன் செய்வார். மகன் மீட்டிங்கில் இருப்பார். ஒரு நாள் மாமி கேட்டார்: "ஏண்டா, ஃபேன் போட பாஸ்வேர்டு கேட்கிறதா? டி.வி. போட கேட்கிறதா? என் பேத்தியைப் பார்க்க மட்டும் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். அந்த பாஸ்வேர்டு திருடனைத் தடுத்ததாகத் தெரியவில்லை. மாமியைத்தான் தடுத்தது. வீட்டுக்கதவின் உள்தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் வீட்டுக்காரரே வெளியில் நிற்பது போன்ற நிலைமை.

இரண்டு சாவிகள்

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். பெரிய ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு பேனல் இருக்கும். தண்டவாளங்களின் படம், அதில் விளக்குகள், பொத்தான்கள். எந்த வண்டி எந்த லைனில் நிற்கிறது என்பது விளக்கில் தெரியும். அந்தப் பேனலுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் சாவி என்று ஒன்று உண்டு. அவர் அந்தச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், பொத்தானை அழுத்தி யாரும் புதிய வழி அமைக்க முடியாது. ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். அறைக் கதவு திறந்திருப்பது வேறு. பேனல் சாவி கிடைப்பது வேறு.

லினக்ஸிலும் இதே போல இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே நுழையும் சாவி. இதை லாகின் என்கிறார்கள். மற்றொன்று, புதிய மென்பொருள் போட, உள்ளதை நீக்க, மற்றவர் கணக்கில் கைவைக்கத் தேவையான நிர்வாகச் சாவி. தானியங்கி லாகின் அமைக்கும்போது முதல் சாவியை மட்டுமே நாம் கதவில் விட்டுவைக்கிறோம். நிர்வாக வேலைக்கு வழக்கம்போல பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு அழிந்துவிடுவதில்லை, நுழைவாயிலில் கேட்காமல் விடுகிறது, அவ்வளவே.

சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கணக்குதான் இருக்கிறது. (கணக்கு என்றதும் வங்கி நினைவுக்கு வரும். இங்கே சொல்வது கம்ப்யூட்டரில் ஒருவருக்கு ஒதுக்கிய பெயரும் இடமும்.) அந்த ஒரே கணக்கிலேயே நிர்வாக அதிகாரம், ஆதார் நகல், பான் அட்டை, பென்ஷன் ஆணை, வங்கி விவரம், பேரன் பேத்தி படங்கள் எல்லாம் இருக்கின்றன. அதற்குத் தானியங்கி லாகின் கொடுத்தால் பீரோவைக் கொண்டுபோய் வாசல் திண்ணையில் வைத்தது போலாகும். ஆகவே என் யோசனை ஒன்றுதான்: பெரியவர்களுக்கென்று அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று உண்டாக்குங்கள். தானியங்கி லாகினை அதற்கு மட்டும் கொடுங்கள். காகிதங்களும் நிர்வாகமும் பாஸ்வேர்டு உள்ள வேறு கணக்கில் இருக்கட்டும்.

எவ்வளவு பாதுகாப்பை இழக்கிறோம்?

இதைத் தெரிந்துகொண்டால் பயமும் போகும், அலட்சியமும் போகும். லாகின் பாஸ்வேர்டு சாதாரண ஆளைத்தான் தடுக்கும். வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டுப் பையன், மாடியில் குடியிருப்பவர் ஆகியோர் சும்மா திறந்து பார்ப்பதைத் தடுக்கும். விஷயம் தெரிந்த ஒருவர் பென் டிரைவில் வேறொரு லினக்ஸைப் போட்டு எடுத்து வந்து, அதிலிருந்து பெட்டியை இயக்கினால், உங்கள் பாஸ்வேர்டு இல்லாமலே டிஸ்கில் உள்ளதையெல்லாம் படித்துவிடலாம். இதைத் தடுப்பது லாகின் பாஸ்வேர்டு அல்ல. டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்வதுதான். அதை லினக்ஸ் போடும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால், பெட்டியைப் போட்டவுடன் ஆரம்பத்திலேயே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். தானியங்கி லாகின் அமைத்தாலும் அது கேட்காமல் விடாது. இரண்டு முறை தட்டுவது ஒரு முறையாகக் குறையும்.

ஆகவே கூடத்தை விட்டு நகராத பெட்டிக்கு ஒரு நியாயம், கையில் எடுத்துப் போகும் லேப்டாப்புக்கு ஒரு நியாயம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் லேப்டாப்புக்குத் தானியங்கி லாகின் வேண்டவே வேண்டாம்.

முதல் வேலை: தனிக் கணக்கு

லினக்ஸ் மின்டில் மெனுவைத் திறந்து 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' என்று தேடுங்கள். திறக்கும்போது நிர்வாக பாஸ்வேர்டு கேட்கும். 'ஆட்' என்பதை அழுத்தினால் கணக்கின் வகை கேட்கும். 'ஸ்டாண்டர்ட்' என்பதையே தேர்ந்தெடுங்கள், 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வேண்டாம். பிறகு இரண்டு பெயர்கள் கேட்கும். முழுப்பெயர் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். யூசர்நேம் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். 'பாட்டி' என்பதையே ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இந்தக் கணக்குக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்துவிடுங்கள்.

உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' திறந்து 'சிஸ்டம்', அதில் 'யூசர்ஸ்' என்று போக வேண்டும். பழைய பதிப்புகளில் 'யூசர்ஸ்' நேராகவே இருக்கும். மேலே உள்ள 'அன்லாக்' பொத்தானை அழுத்தி பாஸ்வேர்டு கொடுத்தால்தான் புதிய கணக்கு சேர்க்க விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கின் கோப்புகளைப் படிக்க முடியுமா என்பது அந்த வீட்டுக் கோப்புறையின் அனுமதியைப் பொறுத்தது. உபுண்டுவில் 2021-ல் வந்த 21.04 பதிப்பு முதல், புதிய கணக்குகளின் கோப்புறைகளை மற்றவர் பார்க்க முடியாதபடியே உண்டாக்குகிறார்கள். அதற்கு முன் அப்படி இல்லை. ஆகவே பழைய பெட்டியில் நிர்வாகக் கணக்கில் நுழைந்து, உங்கள் பெயரிலுள்ள வீட்டுக் கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராபர்டீஸ்', அதில் 'பெர்மிஷன்ஸ்' பாருங்கள். 'அதர்ஸ்' என்ற இடத்தில் 'நன்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தனிக் கணக்கு வைத்தும் பயனில்லை.

இரண்டாவது வேலை: தானியங்கி லாகின்

லினக்ஸ் மின்டில்: மெனுவில் 'லாகின் விண்டோ' என்று தேடித் திறங்கள். நிர்வாக பாஸ்வேர்டு கேட்கும். 'யூசர்ஸ்' என்ற பகுதியில் 'ஆட்டோமேட்டிக் லாகின்' என்று இருக்கும். அங்கே யூசர்நேமை எழுத வேண்டும். முழுப்பெயரை எழுதக் கூடாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பெயர் தவறாக இருந்தால் தானாக நுழையாது; வழக்கமான லாகின் திரையே வந்து நிற்கும். பக்கத்திலேயே எத்தனை விநாடி கழித்து நுழைய வேண்டும் என்றும் குறிக்கலாம். அதில் 10 என்று போட்டு வைப்பது கூட்டுக் குடும்பத்துக்கு மிகவும் உதவும். மகன் பயன்படுத்த வேண்டுமானால் அந்தப் பத்து விநாடிக்குள் தன் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் பாட்டியின் கணக்கு தானாகத் திறந்துவிடும்.

உபுண்டுவில்: மேலே சொன்ன அதே 'யூசர்ஸ்' பக்கத்தில் பாட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் 'ஆட்டோமேட்டிக் லாகின்' என்ற சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

கே.டி.ஈ. வகைத் திரை உள்ளவர்கள் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து 'லாகின் ஸ்க்ரீன்' என்று தேட வேண்டும். அதில் தானாக நுழைய வேண்டிய பெயரைக் குறிக்கும் இடம் உண்டு.

எந்த லினக்ஸாக இருந்தாலும் ஒரே ஒரு கணக்குக்குத்தான் இந்தச் சலுகை. ஒற்றை லைனில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவர் கையில்தான் டோக்கன் இருக்க முடியும் என்பது போல. அமைத்து முடித்ததும் 'ரீஸ்டார்ட்' கொடுத்துச் சோதியுங்கள். 'லாக் அவுட்' கொடுத்துச் சோதித்தால் லாகின் திரை வரலாம். அதைப் பார்த்து வேலை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். முக்கியமாக இது பெட்டியைப் போடும்போது வேலை செய்வது.

பிறகு வரும் மூன்று ஆச்சரியங்கள்

முதலாவது, பூட்டுத் திரை. பாட்டி சமையலறைக்குப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வந்தால் திரை இருண்டு மீண்டும் பாஸ்வேர்டு கேட்கும். தானியங்கி லாகினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தனி ஏற்பாடு. பாட்டியின் கணக்கில் இருந்துகொண்டு, மின்டில் 'ஸ்க்ரீன்சேவர்' அமைப்பிலும், உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'பிரைவசி' பகுதியில் 'ஸ்க்ரீன் லாக்' என்ற இடத்திலும் போய், தானாகப் பூட்டுவதை நிறுத்திவிடுங்கள். பெட்டி உறங்கி எழும்போது பூட்டுவதற்கென்று தனியாக ஒரு குறி இருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கீரிங். இதைச் சாவிக்கொத்து என்றே சொல்லலாம். இணையத்தில் நாம் சேமிக்கும் பாஸ்வேர்டுகளையெல்லாம் லினக்ஸ் ஒரு பெட்டியில் போட்டு, லாகின் பாஸ்வேர்டாலேயே பூட்டி வைக்கிறது. நாம் பாஸ்வேர்டு தட்டி நுழையும்போது அதுவும் கூடவே திறந்துகொள்ளும். தானாக நுழைந்தால் யாரும் பாஸ்வேர்டு தட்டவில்லையே. எனவே அந்தப் பெட்டி பூட்டியே இருக்கும். குரோம் போன்ற பிரவுசரைத் திறந்தவுடன் 'லாகின் கீரிங் திறக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கும். வாசலில் கேட்காத காவலாளி கூடத்தில் வந்து கேட்கிற கதை.

இதற்கு வழி, 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' என்ற மென்பொருளைத் திறந்து, 'லாகின்' என்ற வரியின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பாஸ்வேர்டு மாற்றுவதைத் தேர்ந்தெடுத்து, பழையதைக் கொடுத்து, புதியதைக் காலியாக விடுவது. புத்தம் புதிய கணக்கென்றால் 'புதிய கீரிங்குக்குப் பாஸ்வேர்டு கொடுங்கள்' என்று கேட்கலாம். அப்போதும் காலியாக விடலாம். இப்படிச் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் பூட்டில்லாமல் இருக்கும் என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கும். எச்சரிக்கை உண்மைதான். ஆகவே இதைப் பாட்டியின் கணக்கில் மட்டும் செய்யுங்கள். அந்தக் கணக்கின் பிரவுசரில் வங்கி, பென்ஷன், ரயில் டிக்கெட் பாஸ்வேர்டு எதையும் சேமிக்காதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'பிரைமரி பாஸ்வேர்டு' என்ற வசதி உண்டு. அதை வைத்தால் சேமித்த பாஸ்வேர்டுகளுக்குத் தனிப் பூட்டு கிடைக்கும்.

மூன்றாவது, வைஃபை. சில பெட்டிகளில் வைஃபை சாவியும் அந்தக் கீரிங்கிலேயே மாட்டியிருக்கும். நெட்வொர்க் அமைப்பில் உங்கள் வைஃபை பெயரைத் திறந்து, 'மற்ற எல்லா யூசர்களும் பயன்படுத்தலாம்' என்ற பொருளில் உள்ள கட்டத்தில் குறியிடுங்கள். அதன் பிறகு யார் நுழைந்தாலும் இணையம் தானாக வந்துவிடும்.

யார் செய்யக் கூடாது?

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், நண்பர்களோடு அறை பகிர்ந்திருக்கும் இளைஞர்கள், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அலுவலக வேலை பார்ப்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது உகந்ததல்ல. அதே போல, லினக்ஸ் போடும்போது வீட்டுக் கோப்புறையை மட்டும் குறியாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தக் கணக்குக்குத் தானியங்கி லாகின் ஒத்துவராது. பாஸ்வேர்டு தட்டினால்தான் அந்தக் கோப்புறையே திறக்கும்.

மறதி என்னும் பகைவன்

தினமும் தட்டும் பாஸ்வேர்டு விரல் நுனியில் இருக்கும். தட்டாத பாஸ்வேர்டு ஆறு மாதத்தில் மறந்துபோகும். தானியங்கி லாகின் அமைத்த வீடுகளில் உண்மையான தொல்லை அப்போதுதான் தலைகாட்டுகிறது. ஒரு நாள் அப்டேட் செய்யவோ, புதிய பிரின்டர் இணைக்கவோ நிர்வாக பாஸ்வேர்டு கேட்கும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊரிலிருக்கும் பிள்ளைக்கும் நினைவிருக்காது. விஷயம் தெரிந்தவர் வந்து 'ரிகவரி மோட்' வழியாகப் புதிய பாஸ்வேர்டு வைத்துத் தரலாம். ஆனால் பழைய பாஸ்வேர்டால் பூட்டிய கீரிங் அதனால் திறக்காது. டிஸ்க் குறியாக்க பாஸ்வேர்டை மறந்தால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் படங்களும் காகிதங்களும் போனது போனதுதான்.

ஆகவே இரண்டு பாஸ்வேர்டுகளையும் ஒரு நோட்டில் தெளிவாக, பெரிய எழுத்து சின்ன எழுத்து குழம்பாமல் எழுதி, நகைப்பெட்டியும் பத்திரங்களும் இருக்கும் பீரோவில் வையுங்கள். திரையின் ஓரத்தில் சீட்டு ஒட்டாதீர்கள். எழுதி வைப்பது தவறு என்று பிள்ளைகள் சொல்லலாம். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் நோட்டு, மறந்துபோன பாஸ்வேர்டைவிட எவ்வளவோ மேல். முக்கியமான படங்களையும் காகிதங்களையும் தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் நல்லது.

மேலே சொன்ன மாமியின் வீட்டில் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவ்வளவையும் செய்து முடித்தார். இப்போது மாமி பொத்தானை அழுத்துகிறார். காபி ஆற்றி முடிப்பதற்குள் திரை தயாராக இருக்கிறது. திரையில் மூன்றே மூன்று படங்கள்: ஒன்று மகளோடு பேச, ஒன்று தமிழ்ச் செய்தி படிக்க, ஒன்று பாட்டுக் கேட்க. வீட்டுக் காகிதங்கள் மகனின் கணக்கில் பூட்டியபடியே இருக்கின்றன.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது இந்த இதழை அவர்கள் கையில் கொடுங்கள். லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. பாட்டியின் கணக்கையும் அமைத்து, பீரோ நோட்டில் பாஸ்வேர்டையும் எழுதி வைத்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள்.